அத்தியாயம் 7: மெயிலை டிஸ்கில் எந்த வடிவில் வைப்பது?

போஸ்ட்ஃபிக்ஸ் ஓடுகிறது. டவ்காட் ஓடுகிறது. வெளியிலிருந்து அனுப்பிய சோதனை மெயில் உள்ளே வந்து விழுந்துவிட்டது. இந்த இடத்தில் பலரும் கையைத் தட்டிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். கொஞ்சம் நில்லுங்கள். அந்த மெயில் டிஸ்கில் எந்த வடிவில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் உங்கள் சார்பில் வேறு யாரோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். டெபியன், உபுண்டு தரும் டவ்காட் பொதியின் அமைப்புக் கோப்பு நெடுங்காலமாக எம்பாக்ஸ் வடிவத்தைத்தான் போட்டுக் கொடுத்து வந்திருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸையும் அதன் போக்கில் விட்டால் எம்பாக்ஸாகத்தான் எழுதும். யூனிக்ஸின் ஆரம்ப நாட்களில் பிறந்த அந்த வடிவத்தில்தான் உங்கள் புதிய சர்வர் பலருடைய மெயிலைச் சேர்க்கத் தொடங்கும்.

ஐந்து பெட்டிகளும் ஆயிரம் மெயிலும் இருக்கும்போது வடிவத்தை மாற்றுவது அரை மணி நேர வேலை. இருநூறு பெட்டிகளில் லட்சக்கணக்கில் மெயில் சேர்ந்த பிறகு அதே வேலைக்கு ஒரு வார இறுதி முழுக்கப் போகும். அதனால்தான் ஸ்பேம் வடிகட்டி, வெப்மெயில் எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த அத்தியாயத்தை வைத்திருக்கிறேன்.

எந்த வடிவம் வேகமானது என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. இன்றைய எஸ்எஸ்டி டிஸ்கில், சில நூறு பேர் பயன்படுத்தும் சர்வரில், அந்தக் கேள்விக்கு அவ்வளவு மதிப்பில்லை. நான் கேட்கச் சொல்வது வேறு: ஒரு நாள் ஏதாவது கெட்டுப்போனால், அல்லது யாராவது ஒரு ஃபோல்டரையே அழித்துவிட்டு வந்து நின்றால், உங்கள் கையில் இருக்கும் பேக்கப்பை வைத்து நீங்களே அதைச் சரிசெய்ய முடியுமா? கீழே வரும் ஒவ்வொரு வடிவத்தையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோடப் போகிறேன்.

சேமிக்க வேண்டியது மெயில் மட்டுமல்ல

மெயிலின் உடலோடு வேறு சில விவரங்களையும் சர்வர் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். படித்ததா, பதில் போட்டதா, நட்சத்திரக் குறி இட்டதா என்பவை ஒரு வகை. இவற்றைக் கொடிகள் என்போம். எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது இன்னொன்று. இவை இரண்டும் கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாமல் மூன்றாவது ஒன்று உண்டு, அதுதான் யூஐடி. ஐமேப் நெறிமுறைப்படி ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு மெயிலுக்கும் ஓர் எண் கொடுக்கப்படும். ஒரு முறை கொடுத்த எண்ணை மாற்றவும் கூடாது, வேறு மெயிலுக்குத் தரவும் கூடாது. அந்த எண்கள் இன்னும் செல்லுபடியாகின்றனவா என்று சொல்ல ஃபோல்டருக்கென்று ஓர் எண் உண்டு, அதற்கு யூஐடி வேலிடிட்டி என்று பெயர். அது மாறினால், தண்டர்பேர்டோ அவுட்லுக்கோ ஃபோனில் உள்ள மெயில் செயலியோ தன்னிடம் சேர்த்து வைத்ததை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு முழுப் பெட்டியையும் மறுபடி இறக்கும்.

நூறு பேருக்கு ஒரே காலையில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஆளுக்கு 10 ஜிபி என்றாலும் மொத்தம் 1000 ஜிபி உங்கள் இணைப்பு வழியாக வெளியே போக வேண்டும். வடிவங்களுக்குள் உள்ள உண்மையான வேறுபாடு, மெயில், கொடி, யூஐடி மூன்றையும் அவை எங்கெங்கே வைக்கின்றன என்பதில்தான் இருக்கிறது.

எம்பாக்ஸ்: எல்லாம் ஒரே கோப்பில்

ஒரு ஃபோல்டருக்கு ஒரு கோப்பு, அதற்குள் எல்லா மெயிலும் ஒன்றன் கீழ் ஒன்றாக. கடைக்கணக்கு நோட்டில் கடைசி வரிக்குக் கீழே எழுதிக்கொண்டே போவது மாதிரி. எழுதுவது எளிது. நடுவில் ஒரு பக்கத்தை எடுக்க வேண்டும் என்றால்தான் தலைவலி, ஏனென்றால் அதற்குப் பின்னால் உள்ளதை எல்லாம் திரும்ப எழுதியாக வேண்டும்.

ஒரு மெயில் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதை எம்பாக்ஸ் எப்படிக் கண்டுபிடிக்கிறது? வரியின் தொடக்கத்தில் ‘ஃப்ரம்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் வந்தால் அது புது மெயில். அவ்வளவுதான் ஏற்பாடு. கடிதத்தின் உள்ளேயே யாராவது ஒரு பத்தியை அந்தச் சொல்லில் தொடங்கினால் குழப்பம் வருமே என்று, சேமிக்கும்போது அந்த வரிக்கு முன்னால் ‘>’ குறியைச் செருகினார்கள். பழைய ஆங்கில மெயில்களில் காரணமே இல்லாமல் நடுவில் ஒரு ‘>’ முளைத்திருப்பதைப் பார்த்திருந்தால், அது இந்தக் கைவேலைதான். படிக்கும்போது அதை எடுத்துவிட வேண்டுமா, ஏற்கெனவே ‘>’ இருந்த வரியை என்ன செய்வது, குறியே வேண்டாம், மெயிலின் நீளத்தைத் தலைப்பில் எழுதிவைத்தால் போதாதா என்றெல்லாம் கருத்து வேறுபட்டு, எம்பாக்ஸிலேயே நான்கு கிளைகள் உருவாயின. 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4155 எம்பாக்ஸுக்கு ஓர் அதிகாரப்பூர்வ ஊடக வகைப் பெயரைக் கொடுத்தது. ஆனால் கிளைகள் கிளைகளாகவே இருக்கின்றன. டிஜிட்டல் கையெழுத்திட்ட மெயிலின் உடலுக்குள் ஒரே ஓர் எழுத்தைச் செருகினாலும் கையெழுத்து பொருந்தாமல் போகும் என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள்.

பெரிய ஆபத்து பூட்டில் இருக்கிறது. ஒரே கோப்பு என்பதால், போஸ்ட்ஃபிக்ஸ் புது மெயிலைக் கடைசியில் எழுதும் நேரத்தில் டவ்காட் நடுவில் ஒன்றை அழித்துக்கொண்டிருக்கக் கூடாது. எனவே கோப்பைத் தொடும் ஒவ்வொரு மென்பொருளும் முதலில் அதைப் பூட்ட வேண்டும். பூட்டும் முறையோ ஒன்றல்ல. பக்கத்தில் ஒரு பூட்டுக் கோப்பை உருவாக்குவது ஒரு முறை, இயங்குதளத்திடம் பூட்டு கேட்பதில் இரண்டு முறைகள். டெபியனின் கொள்கை ஆவணம் எதை முதலில் போட வேண்டும், எதை இரண்டாவதாகப் போட வேண்டும் என்றே வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. இரண்டு மென்பொருள்கள் வேறு வேறு வரிசையில் பூட்டினால், ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு அப்படியே நிற்கும். ஒன்று பூட்டாமலே எழுதினால் இரண்டு மெயில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். என்எஃப்எஸ் வழியாகப் பகிர்ந்த டிஸ்கில் இந்தப் பூட்டுகளை நம்பவே முடியாது. அங்கே எம்பாக்ஸ் வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

போஸ்ட்ஃபிக்ஸில் ஒளிந்திருக்கும் ஒரு வரம்பையும் சொல்லிவிடுகிறேன். அதன் உள்ளூர் விநியோகப் பகுதி, போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான மதிப்பில், ஒரு பெட்டிக் கோப்பை 51200000 பைட்டுக்கு மேல் வளர விடாது. அதாவது ஏறக்குறைய 51 எம்பி. இன்றைக்கு அது ஐந்தாறு பெரிய இணைப்புகளுக்கே போதாது. எம்பாக்ஸில் அந்தக் கோப்புதான் முழு இன்பாக்ஸ் என்பதால், பெட்டி நிறைந்த கதை வெகு சீக்கிரம் வரும். ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு என்று போகும் வடிவங்களில் இந்த வரம்பு ஒவ்வொரு மெயிலுக்கும் தனித்தனியாகப் பொருந்துவதால் உறைக்காது.

பேக்கப்பையும் பாருங்கள். 2 ஜிபி எம்பாக்ஸில் ஒரு சின்ன மெயில் வந்து சேர்ந்தாலும் ‘கோப்பு மாறிவிட்டது’ என்றுதான் பேக்கப் மென்பொருளுக்குத் தெரியும். தினமும் முழு 2 ஜிபியையும் எடுத்துக்கொண்டு போகும். ஆர்சிங்க் வித்தியாசத்தை மட்டும் அனுப்பும் என்றாலும், அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க இரண்டு பக்கமும் கோப்பை முழுக்கப் படித்தாக வேண்டும்.

எம்பாக்ஸுக்கு ஆதரவாக எப்போதும் சொல்லப்படும் ஒன்று, கிரெப் கட்டளை போட்டுச் சட்டென்று தேடலாம் என்பது. ஆங்கில மெயிலுக்கு அது உண்மை. தமிழ் மெயிலுக்குச் செல்லாது. தமிழில் எழுதிய கடிதம் பெரும்பாலும் பேஸ்64 அல்லது கோட்டட் பிரிண்டபிள் குறியாக்கத்தில்தான் பயணம் செய்கிறது, அப்படியே சேமிக்கவும் படுகிறது. யூடிஎஃப்-8இல் 3 பைட் பிடிக்கும் ஒரு தமிழ் யூனிகோடு குறி, முதல் வகையில் 4 எழுத்தாகவும் இரண்டாவதில் 9 எழுத்தாகவும் மாறிக் கிடக்கும். ‘ரசீது’ என்று கிரெப்பில் தேடினால் ஒன்றும் சிக்காது. தமிழில் தேட வேண்டும் என்றால் எந்த வடிவமானாலும் டவ்காட்டின் முழுவுரைத் தேடல் அட்டவணைதான் வழி. அது தனி அத்தியாயமாக வருகிறது.

எம்பாக்ஸைக் குப்பை என்று ஒதுக்கிவிடவும் மாட்டேன். இனி மாறாது என்று முடிவான மெயிலுக்கு அதுவே சிறந்த உறை. கூகுளின் டேக்அவுட் வழியாக ஜிமெயிலை இறக்கினால் எம்பாக்ஸாகத்தான் வருகிறது. தண்டர்பேர்டும் உங்கள் கணினியில் அதைத்தான் இயல்பாகப் பயன்படுத்துகிறது. வேலையை விட்டுப் போனவரின் பெட்டியை ஒரே கோப்பாக்கி, சுருக்கி, காப்பகத்தில் போடலாம். பத்து வருஷம் கழித்தும் திறக்க ஏதாவது ஒரு மென்பொருள் இருக்கும்.

மெயில்டிர்: மெயிலுக்கு ஒரு கோப்பு

1990களின் நடுவில் க்யூமெயில் என்ற சர்வரை எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டைன், பூட்டே தேவைப்படாத ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தார். பெட்டி என்பது ஒரு ஃபோல்டர், அதற்குள் ‘டெம்ப்’, ‘நியூ’, ‘கர்’ என்று மூன்று துணை ஃபோல்டர்கள். வரும் மெயில் முதலில் ‘டெம்ப்’பில் ஒரு தனிக் கோப்பாக எழுதப்படும். முழுக்க எழுதி, டிஸ்கில் பதிந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் ‘நியூ’வுக்கு நகரும். பயனர் பெட்டியைத் திறந்ததும் அங்கிருந்து ‘கர்’ என்பதற்குப் போகும். பாதி எழுதும்போது கரண்ட் போனால் அந்தப் பாதி ‘டெம்ப்’பிலேயே கிடக்கும், பயனர் கண்ணில் படாது. அனுப்பிய சர்வருக்கு ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற பதில் போயிருக்காது, ஆகவே அது மறுபடி அனுப்பும். 36 மணி நேரம் யாரும் தொடாமல் ‘டெம்ப்’பில் கிடப்பதை அழித்துவிடலாம் என்று பெர்ன்ஸ்டைனின் விதியே சொல்கிறது.

இரண்டு கோப்புக்கு ஒரே பெயர் வந்துவிடாமல் இருக்க, பெயரிலேயே 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகள், எழுதிய புராசஸின் விவரம், சர்வரின் பெயர் எல்லாம் சேரும். கொடிகளும் கோப்பின் பெயரிலேயே இருக்கும். பெயரின் கடைசியில் ‘:2,’ என்று வந்து அதன் பின் படித்ததற்கு ஓர் எழுத்து, பதில் போட்டதற்கு ஓர் எழுத்து, நட்சத்திரக் குறிக்கு ஓர் எழுத்து. படித்ததாகக் குறிப்பது என்றால் கோப்பின் பெயரை மாற்றுவது, அவ்வளவுதான். மெயிலின் உள்ளே ஒரு பைட் கூட மாறாது.

இதன் அருமை ரீஸ்டோர் செய்யும்போதுதான் தெரியும். போன செவ்வாய்க்கிழமை வந்த ஒரு மெயிலைக் கணக்குப் பிரிவில் ஒருவர் அழித்துவிட்டார். நீங்கள் பேக்கப்பைத் திறக்கிறீர்கள், அந்த ஒரு கோப்பை எடுத்து ‘கர்’ ஃபோல்டரில் போடுகிறீர்கள், உரிமையாளர் பெயரையும் அனுமதியையும் சரிபார்க்கிறீர்கள். அடுத்த நிமிடம் அவர் திரையில் மெயில் தெரிகிறது. சிறப்புக் கட்டளை எதுவும் வேண்டாம், சர்வரை நிறுத்த வேண்டாம். பேக்கப் எடுக்கும்போதும் டிஸ்கை உறைய வைக்க வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியை அப்படியே நகலெடுத்தாலும் ஒன்றிரண்டு மெயில் விடுபடலாமே தவிர, எதுவும் கெட்டுப்போகாது.

டவ்காட் தன் வசதிக்காக மெயில்டிருக்குள் சில அட்டவணைக் கோப்புகளை வைத்துக்கொள்ளும். பெயரில் ‘இண்டெக்ஸ்’ என்று வருபவை வெறும் நினைவுக் குறிப்புகள். கெட்டுப்போனால் அழித்துவிடலாம், டவ்காட் மறுபடி கட்டிக்கொள்ளும். ‘யூஐடிலிஸ்ட்’ என்று இருப்பது அப்படியல்ல. எந்தக் கோப்புக்கு எந்த யூஐடி என்ற பதிவு அதில் மட்டும்தான் இருக்கிறது. ‘ஏதோ பழுது, டவ்காட் என்று தொடங்கும் எல்லாக் கோப்பையும் அழித்துப் பார்’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதை அழித்தால் மேலே சொன்ன 1000 ஜிபி கதை உங்கள் அலுவலகத்தில் நடக்கும். பயனர்கள் போடும் வண்ணக் குறிகளின் பெயர்களைத் தாங்கும் ‘கீவேர்ட்ஸ்’ கோப்பும் பேக்கப்பில் கட்டாயம் இருக்க வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதலாவது கோப்புகளின் எண்ணிக்கை. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை இயல்பான அமைப்பில் உருவாக்கினால் 16384 பைட்டுக்கு ஒரு ஐநோடு என்ற கணக்கில் ஒதுக்கும். 100 ஜிபி டிஸ்கில் சுமார் 65 லட்சம். ஒரு மெயிலுக்கு ஒரு ஐநோடு போகும். இணைப்புகளோடு வரும் மெயிலின் சராசரி அளவு பொதுவாக 16 கேபியைவிட அதிகம் என்பதால் இடம்தான் முதலில் தீரும். ஆனால் சர்வர்கள் தானாக அனுப்பும் குட்டி எச்சரிக்கை மெயில்கள் லட்சக்கணக்கில் குவியும் பெட்டி இருந்தால், டிஸ்கில் பாதி காலியாக இருக்கும்போதே ‘இடமில்லை’ என்ற பிழை வரும். டிஎஃப் கட்டளையை ஐநோடு காட்டும் விருப்பத்துடன் ஓட்டிப் பார்த்தால்தான் காரணம் புரியும். எக்ஸ்எஃப்எஸ் தேவைக்கேற்ப ஐநோடுகளை உருவாக்கிக்கொள்வதால், மெயில்டிருக்கென்று தனி டிஸ்க் பிரிக்கிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

இரண்டாவது, பேக்கப் நேரம். நாற்பது லட்சம் கோப்புகளை ஒவ்வொன்றாக ‘மாறியதா’ என்று பார்ப்பதே மணிக்கணக்கில் இழுக்கும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: மெயிலைப் படித்தால் கோப்பின் பெயர் மாறுகிறது அல்லவா? ஆர்சிங்க் அதைப் பழைய கோப்பு போய்விட்டது, புதுக் கோப்பு வந்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு முழுசாக மறுபடி அனுப்பும். உள்ளடக்கத்தை வைத்து ஒரே தரவைத் திரும்பச் சேமிக்காத பேக்கப் கருவிகள், போர்க், ரெஸ்டிக் போன்றவை, இங்கே நன்றாக உதவும்.

மூன்றாவது, கோப்பின் பெயரில் வரும் அந்த முக்காற்புள்ளி. விண்டோஸில் கோப்புப் பெயரில் அது கூடாது. மெயில்டிரைப் பென்டிரைவில் போட்டு எடுத்துப் போக நினைத்தால் டார் கோப்பாகக் கட்டிய பிறகு எடுத்துப் போங்கள்.

தமிழில் ஃபோல்டர் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பயனர் ‘ரசீதுகள்’ என்று ஃபோல்டர் உருவாக்கினால், டிஸ்கில் அது புள்ளியில் தொடங்கி, ‘&’ குறியோடு புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். ஐமேப்பின் பழைய பெயர்க் குறியாக்கம் அப்படி. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து யாராவது பெயரைத் திருத்திவிடப் போகிறார்கள். டவ்காட்டில் யூடிஎஃப்-8 பெயர்களைப் பயன்படுத்தும் விருப்பம் இருக்கிறது. தொடக்கத்திலேயே அதைப் போட்டுவிட்டால் பேக்கப்பில் ஃபோல்டரைத் தேடும்போது கண்ணுக்கு நேராகத் தெரியும். பெட்டிகள் உருவான பிறகு மாற்றினால் பழைய பெயர்களையும் மாற்ற வேண்டியிருக்கும்.

டிபாக்ஸ்: டவ்காட்டின் சொந்த வடிவம்

டிமோ சிராய்னன் எழுதிய டவ்காட்டுக்கு டிபாக்ஸ் என்று ஒரு சொந்த வடிவம் உண்டு. அதில் இரண்டு வகை. எஸ்டிபாக்ஸில் மெயிலுக்கு ஒரு கோப்பு. எம்டிபாக்ஸில் பல மெயில்கள் ஒரு கோப்பில், அந்தக் கோப்பு குறிப்பிட்ட அளவை எட்டியதும் அடுத்த கோப்பு. இரண்டிலும் முக்கியமான வேறுபாடு இதுதான்: கொடிகள் கோப்பின் பெயரிலும் இல்லை, மெயிலின் உள்ளேயும் இல்லை, அட்டவணையில் மட்டுமே இருக்கின்றன. மெயில்டிரில் நினைவுக் குறிப்பாக இருந்த அதே அட்டவணை, இங்கே மூலப் பதிவாகிவிடுகிறது.

இதனால் வேகம் கிடைக்கிறது. ஆயிரம் மெயிலைப் படித்ததாகக் குறிக்க ஆயிரம் பெயர் மாற்றம் தேவையில்லை, அட்டவணையில் சில வரிகள் போதும். எம்டிபாக்ஸில் கோப்புகளின் எண்ணிக்கையும் வெகுவாகக் குறைவதால் பேக்கப் பறக்கும். ஒரு மெயிலை இன்னொரு ஃபோல்டருக்கு நகலெடுத்தால் உடல் நகலாகாது, குறிப்பு மட்டும் கூடும். பழைய மெயிலை விலை மலிந்த மெதுவான டிஸ்கில் தள்ளி வைக்கும் வசதியும் டிபாக்ஸில் உண்டு. பத்தாயிரம் பெட்டிகள் நடத்துகிறவர்கள் இதைத் தேடிப் போவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் என்னுடைய கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். அட்டவணை கெட்டுப்போனால்? டவ்அட்மின் கருவியில் கட்டாய ஒத்திசைவுக் கட்டளை இருக்கிறது. அது மெயிலின் உடல்கள் இருக்கும் கிடங்குக் கோப்புகளைப் படித்து மெயிலை மீட்டுவிடும். கொடிகளுக்கு அந்த உத்தரவாதம் இல்லை, படித்த ஐயாயிரம் மெயில் படிக்காததாகத் திரும்பி வரலாம். அழித்த மெயில் எழுந்து வருவதும் உண்டு. ஏனென்றால் எம்டிபாக்ஸில் அழித்தல் என்பது ‘இனி இது யாருக்கும் வேண்டாம்’ என்று குறிப்பது மட்டும்தான். உடல் கோப்புக்குள் அப்படியே இருக்கும். அதை உண்மையில் அப்புறப்படுத்தி இடத்தை விடுவிக்க பர்ஜ் கட்டளையைத் தனியாக ஓட்ட வேண்டும். இரவில் க்ரான் வழியாக ஓட்டுவது வழக்கம். இதைத் தெரியாமல் எம்டிபாக்ஸ் போட்டவர்களிடமிருந்து வரும் புகார் ஒரே மாதிரி இருக்கும்: பயனர்கள் அழித்துக்கொண்டே இருக்கிறார்கள், கோட்டா குறைகிறது, டிஸ்க் மட்டும் நிறைந்துகொண்டே போகிறது.

ஒரே ஒரு மெயிலை ரீஸ்டோர் செய்வதும் இங்கே கோப்பை நகலெடுக்கும் வேலையல்ல. பேக்கப்பில் உள்ள முழுப் பெட்டியை வேறிடத்தில் விரித்து, அங்கிருந்து டவ்அட்மின் இம்போர்ட் கட்டளையால் தேவையானதை இழுக்க வேண்டும். அந்தப் பேக்கப்பிலும் அட்டவணையும் கிடங்கும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அட்டவணை பத்து மணிக்கும் கிடங்கு பதினொரு மணிக்கும் என்றால் இரண்டும் பொருந்தாது. ஆகவே எல்விஎம் அல்லது இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட் எடுத்து, அதிலிருந்து பேக்கப் எடுக்கத் தெரியாதவர்கள் எம்டிபாக்ஸ் பக்கம் போக வேண்டாம்.

எஸ்டிபாக்ஸை நான் யாருக்கும் சொன்னதில்லை. கோப்பு எண்ணிக்கையில் மெயில்டிரின் சுமை, அட்டவணையை நம்புவதில் எம்டிபாக்ஸின் சுமை, இரண்டையும் ஒன்றாக ஏற்க வலுவான காரணம் வேண்டும்.

மற்றவை, சுருக்கமாக

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான சைரஸ் ஐமேப் சர்வரும் மெயிலுக்கு ஒரு கோப்பு வைக்கிறது. கொடிகளும் மற்ற விவரங்களும் அதன் சொந்த அட்டவணையில் இருக்கும். வெளியிலிருந்து யாரும் கோப்புகளைத் தொடக் கூடாது என்பது அதன் கட்டளை. அங்கே வடிவத்தைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது, சைரஸையே தேர்ந்தெடுக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் எல்லாவற்றையும் தன் தரவுத்தளக் கோப்புக்குள் வைக்கிறது. எம்எச் என்ற பழைய வடிவம் ஒவ்வொரு மெயிலுக்கும் ஓர் எண்ணைப் பெயராக வைக்கும். அதை இன்றைக்குப் புதிதாகத் தொடங்க ஒரு காரணமும் இல்லை.

சுருக்குதலும் என்எஃப்எஸ்ஸும்

இடம் போதவில்லை என்பதற்காக வடிவத்தை மாற்ற நினைக்காதீர்கள். டவ்காட்டின் சுருக்குதல் வசதி மெயில்டிரிலும் டிபாக்ஸிலும் வேலை செய்யும். தமிழ்க் கடிதத்தைக் கோட்டட் பிரிண்டபிளில் ஒரு குறிக்கு 9 எழுத்தாக அடைத்து வைத்திருப்பதால் அதில் திரும்பத் திரும்ப வருவது அதிகம், நன்றாகச் சுருங்கும். பிடிஎஃப், ஜேபெக் இணைப்புகளில் லாபம் குறைவு. மெயில்டிரில் சுருக்கும்போது மெயிலின் உண்மையான அளவு கோப்பின் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். டவ்காட்டே எழுதினால் அது தானாகச் சேர்க்கும். நீங்கள் தனியாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் பழைய கோப்புகளைச் சுருக்கினால்தான் இது காலை வாரும்.

என்எஃப்எஸ்ஸில் வைத்து இரண்டு டவ்காட் சர்வர்களை ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு: மெயில்டிருக்குப் பூட்டு வேண்டாம் என்பது உண்மைதான், ஆனால் டவ்காட்டின் அட்டவணைகளுக்கு வேண்டும். ஒரே பயனர் ஒரே நேரத்தில் இரண்டு சர்வர்களில் நுழைந்தால் அட்டவணை சிதையும். முன்பு ஒரு பயனரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்ப டைரக்டர் என்ற பகுதி இருந்தது. 2025 ஜனவரியில் வெளிவந்த 2.4 பதிப்பின் இலவச வெளியீட்டில் அதுவும் இல்லை, இரண்டு சர்வர்களைத் தானாக ஒத்திசைத்து வந்த ரெப்ளிகேஷனும் இல்லை. சின்ன நிறுவனத்துக்கு ஒரே சர்வர், ஒழுங்கான பேக்கப், சோதித்துப் பார்த்த ரீஸ்டோர் போதும்.

அதே 2.4 பதிப்பில் மெயில் இருக்கும் இடத்தைச் சொல்லும் அமைப்பும் மாறியிருக்கிறது. முன்பு வடிவமும் பாதையும் ஒரே வரியில் எழுதப்பட்டன. இப்போது வடிவத்துக்கு ஒரு வரி, பாதைக்கு ஒரு வரி. பழைய வழிகாட்டிகளிலிருந்து வரிகளை அப்படியே ஒட்டினால் டவ்காட் கிளம்பவே கிளம்பாது.

ஆக, எதைப் போடுவது?

ஒரே ஆள் பார்த்துக்கொள்ளும், சில நூறு பெட்டிகள் வரை உள்ள சர்வர் என்றால் மெயில்டிர். மறுயோசனை வேண்டாம். போஸ்ட்ஃபிக்ஸ் நேரடியாக எழுதுவதானால் பெட்டியின் பாதைக்குக் கடைசியில் சாய்கோடு போட மறக்காதீர்கள். அந்த ஒரு குறியை வைத்துத்தான் அது மெயில்டிரா எம்பாக்ஸா என்று முடிவெடுக்கிறது. அதைவிட நல்லது, எல்எம்டிபி வழியாக மெயிலை டவ்காட்டிடம் கொடுத்துவிட்டு எழுதும் வேலையை அதனிடமே விடுவது. டவ்காட்டைத் தவிர வேறு எதுவும் ‘கர்’ ஃபோல்டரைத் தொடாது என்ற நிலை வந்ததும், ஃபோல்டரை அடிக்கடி முழுக்கப் படிப்பதைத் தவிர்க்கும் ‘வெரி டர்ட்டி சிங்க்ஸ்’ அமைப்பையும் இயக்கிவிடலாம். லட்சம் மெயில் உள்ள ஃபோல்டர்களில் வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

பெட்டிகள் ஆயிரக்கணக்கில், முழுநேரமும் பார்க்க இரண்டு பேர், ஸ்னாப்ஷாட் எடுக்கும் வசதி, கண்காணிப்புக் கருவி, இவ்வளவும் இருந்தால் எம்டிபாக்ஸ். இவற்றில் ஏதாவது ஒன்று இல்லை என்றால் மெயில்டிரிலேயே இருங்கள். எம்பாக்ஸ் காப்பகத்துக்கு.

ஏற்கெனவே எம்பாக்ஸில் மாட்டிக்கொண்டவர்களுக்கு

மாற்றும் வேலையை டவ்காட்டைக் கொண்டே செய்யுங்கள். எம்பாக்ஸைப் பிரித்து மெயில்டிர் ஆக்கும் ஸ்கிரிப்டுகள் நிறைய உண்டு. அவை மெயிலைப் பத்திரமாகக் கொண்டுவரும், ஆனால் யூஐடியைக் கொண்டுவராது. டவ்அட்மினின் பேக்கப், சிங்க் ஆகிய இரண்டு கட்டளைகளும் யூஐடி, யூஐடி வேலிடிட்டி, கொடிகள் எல்லாவற்றோடும் மாற்றும். பாப்3 வழியாக மெயில் எடுத்து, நகலைச் சர்வரிலேயே விட்டு வைக்கிறவர்கள் உங்கள் அலுவலகத்தில் இருந்தால் இது இன்னும் முக்கியம். டவ்காட்டின் இயல்பான அமைப்பில் பாப்3 அடையாளமும் அந்த இரண்டு எண்களிலிருந்துதான் உருவாகிறது. அவை மாறினால், ஐந்து வருஷ மெயிலும் புது மெயிலாக இன்னொரு முறை அவர்கள் பெட்டியில் வந்து கொட்டும்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் உங்கள் சொந்தப் பெட்டியை மாற்றி, ஃபோனிலும் கணினியிலும் மறு இறக்கம் நடக்கிறதா என்று பாருங்கள். நடக்கவில்லை என்றால் எல்லாப் பெட்டிக்கும் பகலிலேயே முதல் சுற்றை ஓட்டுங்கள். பயனர்கள் பழையதில் வேலை செய்துகொண்டே இருக்கலாம். இரவில் போஸ்ட்ஃபிக்ஸின் விநியோகத்தையும் ஐமேப், பாப்3 நுழைவையும் நிறுத்திவிட்டு இரண்டாவது சுற்று. பகலில் வந்தவை மட்டும் என்பதால் சீக்கிரம் முடிந்துவிடும். அதன் பிறகு அமைப்புக் கோப்பில் வடிவத்தை மாற்றி, உரிமையாளர் பெயரையும் அனுமதிகளையும் சரிபார்த்து, மறுபடி திறந்துவிடுங்கள். இடையில் வந்த மெயில் போஸ்ட்ஃபிக்ஸ் வரிசையில் காத்திருக்கும், ஒன்றும் தொலையாது.

இந்த இரண்டு கட்டளைகளில் ஒன்று ஆபத்தானது. பேக்கப் கட்டளை இலக்கை மூலத்தைப் போலவே ஆக்கும், மூலத்தில் இல்லாததை இலக்கிலிருந்து நீக்கும். பயனர்கள் புதிய பெட்டிக்கு வந்துவிட்ட பிறகு, ‘எதற்கும் இன்னொரு முறை’ என்று பழையதிலிருந்து அதை ஓட்டினால், அன்று காலை முதல் வந்த மெயில் எல்லாம் போய்விடும். மாறிய பிறகு எதையாவது கொண்டுவர வேண்டியிருந்தால் சிங்க் கட்டளையை ஒருவழி விருப்பத்தோடு பயன்படுத்துங்கள்.

பழைய எம்பாக்ஸ் கோப்புகளை அன்றே அழிக்க வேண்டாம். படிக்க மட்டும் என்று அனுமதியை மாற்றி, குறைந்தது ஒரு மாதம் வைத்திருங்கள். மாதக் கணக்கு முடிக்கும்போதுதான் சிலர் தங்கள் பழைய ஃபோல்டர்களைத் திறந்தே பார்ப்பார்கள்.